நேட்டாலில் ஒரு கடைச் சீட்டு

தென்னாப்பிரிக்கா என்றதும் வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு நினைவில் எழுவது மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக் குளிரிரவு. முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஓர் இளம் வழக்கறிஞர். இக்காட்சியை நம் பாடநூல்கள் ஒன்றுவிடாமல் எழுதுகின்றன. ஆனால் அவர் எதற்காக அந்த வண்டியில் ஏறினார் என்று கேட்டால் வகுப்பில் அமைதி நிலவும். ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் நான் இக்கேள்வியைப் பன்முறை கேட்டிருக்கிறேன். 'ஒரு வழக்குக்காக' என்று யாரேனும் ஒரு மாணவர் சொல்வார். என்ன வழக்கு என்பதோ பெரும்பாலும் எவருக்கும் தெரிந்திராது.

அது வியாபாரக் கணக்கு வழக்கு. டர்பன் நகரிலே தாதா அப்துல்லா கம்பெனியார் பெருவணிகர். பிரிட்டோரியாவில் தயப் சேட் மற்றொரு பெருவணிகர். இருவரும் உறவினர், ஒரே ஊரார். கொடுக்கல் வாங்கலில் எழுந்த நாற்பதினாயிரம் பவுன் தாவா அது. காந்தியடிகள் வழக்குக் கட்டுகளைப் பிரித்தபோது அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. 'பி. நோட்டு' என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. குமாஸ்தா ஒருவரைக் கேட்டபோதுதான், அது புரோநோட்டு என்று விளங்கியது. சீமையில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், கணக்கெழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கி, பள்ளிப் பிள்ளையைப் போலப் படிக்கத் தொடங்கினார். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முடிவில் வழக்கு மத்தியஸ்தத்துக்கு விடப்பட்டது. தயப் சேட் முப்பத்தேழாயிரம் பவுனும் செலவும் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. அதனை ஒரே தவணையில் கொடுத்தால் அவர் குடும்பம் திவாலாகும். ஆகவே பல தவணைகளில் பெற்றுக்கொள்ளும்படி காந்தியடிகள் தம் கட்சிக்காரரை இணங்கச் செய்தார்.

தென்னாப்பிரிக்க இந்தியரின் போராட்டத்தை நாம் மானப் போராட்டமாகக் காண்கிறோம். அது மெய்யே. ஆயினும் அதன் அடித்தளத்தில் கடை இருக்கிறது. கடைக்குள் கணக்குப் புத்தகம் இருக்கிறது. சுவரிலே மாட்டிய லைசென்சுச் சீட்டு இருக்கிறது. அயலூரில் ஒரு குடும்பம் முறைப்படி ஒரு சிறு கடை திறக்க வேண்டுமானால் எந்தெந்தக் கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது, அக்கதவுகள் எவ்வாறு சாத்தப்பட்டன என்பதையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

நேட்டால் என்பது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதல் அந்நாட்டில் கால் வைத்தவர்கள் நம்மவரே. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டனர். விளைந்ததைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். தமிழ்ப் பெயர்கள் பலவும் 'சாமி' என்று முடிவதைக் கண்ட வெள்ளையர், இந்தியர் எல்லோரையுமே 'சாமி' என்று ஏளனமாக அழைக்கலாயினர். சாமி என்றால் தலைவன் என்று பொருள் என்பதைக் காந்தியடிகள் அவர்களிடம் சில வேளை எடுத்துச் சொல்வாராம்.

இரண்டாம் வகையார் சொந்தச் செலவில் கப்பலேறி வந்த வணிகர்கள். இவர்களில் முன்னோடி அபூபக்கர் ஆமத் என்பவர், போர்பந்தர் ஊரினர், மொரீஷியஸ் வழியாக வந்து 1870-களில் டர்பனில் கடை வைத்தார். அவருக்குப் பின்னால் குஜராத்தியர் பலர் வந்தனர். முதலில் ஒருவர் வருவார். கடை ஒன்றில் வேலை பார்ப்பார். பிறகு தனியே ஓர் அறை பிடிப்பார். வெள்ளைக்கார மொத்த வியாபாரி சரக்கைக் கடனாகக் கொடுப்பார். முன்புறம் கடை, பின்புறம் குடித்தனம். தம்பியும் அண்ணன் மகனும் ஊரிலிருந்து வந்து சேருவர். சம்பளம் பேசுவதில்லை, எல்லோரும் ஒரே அடுப்பில் உண்பர். அதனாலேயே அவர்களால் விலையைக் குறைத்து விற்க முடிந்தது. தோட்டக் கூலிகளும், ஆப்பிரிக்க மக்களும், ஏழை வெள்ளையர்களுங்கூட அக்கடைகளை நாடினர். பக்கத்துக் கடை வெள்ளைக்காரருக்கு இது கண்ணில் மண் விழுந்தது போலாயிற்று.

சட்டப்படி பார்த்தால் நேட்டாலில் இந்தியர் அந்நியரே அல்லர். அவர்களும் விக்டோரியா மகாராணியாரின் குடிமக்கள். கடைக்கார வெள்ளையரும் அவ்வாறே. ஆகவே 'இந்தியன் கடை வைக்கலாகாது' என்று நேராக எழுதிச் சட்டம் செய்வது எளிதன்று. 1894-இல் ஆசியர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று பெயர் சொல்லி இயற்றிய மசோதாவை லண்டன் ஏற்க மறுத்தது. பின்னர் 1896-இல், ஆசியர் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, அதே பயனைத் தரும் வேறொரு சட்டத்தை இயற்றினர். அதற்கு இசைவு கிடைத்தது. நேட்டால் அரசு அப்போது ஒரு பாடம் கற்றுக்கொண்டது. பெயரை எழுதாதே, வேலை நடக்கட்டும்!

அந்தப் பாடத்தின் விளைவே 1897-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம், அதாவது வியாபாரிகள் லைசென்சுச் சட்டம். அவ்வாண்டு ஜனவரியில்தான் டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளை ஒரு கூட்டம் தாக்கியது. அந்த வெறி தணியுமுன் சட்டசபை கூடிற்று. இச்சட்டத்தை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதில் இந்தியன் என்ற சொல் இல்லை. ஆசியன் என்ற சொல்லும் இல்லை. நகரசபை லைசென்சு அதிகாரி ஒருவரை நியமிக்கும். மொத்த வியாபாரத்துக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் சீட்டுக் கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். அவர் மறுத்தால் நகரசபைக்கே மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் எந்த நீதிமன்றத்துக்கும் போக வழியில்லை. அதிகாரியோ நகரசபையின் சம்பளக்காரர். நகரசபையிலோ போட்டிக் கடைக்காரர்கள் உறுப்பினர்களாக அமர்ந்திருந்தனர். யாருடைய வாணிபம் யாரால் தடுக்கப்படுகிறதோ அவரிடமே நீதி கேட்டுப் போகவேண்டிய விந்தை அது!

சட்டம் வெளிப்படையாகக் கூறிய நிபந்தனைகள் இரண்டே. ஒன்று, கடையிடம் சுகாதாரமாக இருக்க வேண்டும். இதைக் குறை கூற முடியாது. மற்றொன்று, கணக்குப் புத்தகங்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நாள்வழியும் பேரேடும் ஐந்தொகையும் நம் நாட்டு வணிகர்களுக்குப் புதியவையல்ல. குஜராத்தியும் தமிழனும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதி வந்தவர்கள். ஆனால் அவர்கள் எழுதியது தத்தம் மொழியில். நேட்டாலின் திவால் சட்டமோ ஆங்கிலக் கணக்கை வேண்டியது. அதைக் காட்ட முடியாதவனுக்குச் சீட்டு இல்லை என்று இப்புதிய சட்டம் விதித்தது. வசதியுள்ளவர் ஆங்கிலம் தெரிந்த குமாஸ்தாவை அமர்த்திக்கொண்டார். அரை அறையில் பெட்டிக் கடை வைத்தவர் என் செய்வார்?

இங்கே காந்தியடிகளின் வாழ்க்கையிலிருந்து ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் செல்ல எனக்கு மனமில்லை; ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு அது இனிக்கிறது. இச்சட்டம் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், பிரிட்டோரியாவில் இந்தியரைக் கூட்டிப் பேசிய முதல் கூட்டத்திலேயே, ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாக அவர் அறிவித்தார். முன்வந்தவர்கள் மூவர்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். அவரவர் இடத்துக்கே ஆசிரியர் நடந்து சென்றார். மாணாக்கர்கள் வேலையில் மூழ்கியிருந்தால் காத்திருந்து கற்பித்தார். ஏறத்தாழ எட்டு மாதங்களில் அவர்களுள் இருவர் கணக்கெழுதவும் சாதாரண வியாபாரக் கடிதம் வரையவும் தேறினர். நாவிதருக்கு வாடிக்கைக்காரரோடு பேசுமளவு ஆங்கிலம் போதுமாயிருந்தது. கடைக்காரனுக்கு ஆங்கிலம் என்பது இலக்கியமன்று; பிழைப்பு என்பதை அந்த ஆசிரியர் முன்னரே உணர்ந்திருந்தார்.

சட்டம் நடைமுறையில் எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு நீதிமன்ற ஏடுகளில் உள்ள ஒரு வழக்கே போதும். சோமநாத் மகராஜ் என்பவர் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஐந்தாண்டு உழைத்து முடித்தபின் நேட்டாலிலேயே தங்கி, வாணிபத்தில் முன்னேறியவர். 1898-இல் டர்பனில் கடை வைக்கச் சீட்டுக் கேட்டார். அதிகாரி மறுத்தார். காரணம் யாது என்று கேட்டார், காரணம் சொல்லப்படவில்லை. நகரசபைக்கு முறையிட்டார். அங்கும் காரணமில்லை, அதிகாரி எழுதிய குறிப்பின் நகலைக்கூடக் கொடுக்கவில்லை. மேல்முறையீடு செய்யக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்த போதிலும், விசாரணை நடந்த விதமே முறையன்று என்ற வாதத்தோடு வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதிகள் நகரசபையின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தனர்; அதன் தீர்மானத்தைத் தள்ளி, மறுபடியும் விசாரிக்கச் சொன்னார்கள். மறுவிசாரணையில் காரணம் வெளிவந்தது. அவர் செய்ய விரும்பும் வியாபாரத்துக்கு நகரில் ஏற்கெனவே போதிய கடைகள் இருக்கின்றனவாம்! சீட்டு மீண்டும் மறுக்கப்பட்டது. இம்முறை எல்லாம் முறைப்படியே நடந்தது.

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் வென்று தந்தது எது? காரணம் கேட்டறியும் உரிமை. அது சிறிதன்று, ஆனால் அதனால் கடை திறக்கவில்லை. அக்காலத்தில் நியூகாசில் நகரத்து இந்திய வியாபாரி ஒருவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நேட்டால் சட்டம் நீதிமன்றத்தின் கதவை அடைத்துவிட்டது. ஆகவே எங்களால் தலையிட இயலாது என்பதே அங்கு கிடைத்த விடை. பேரரசின் உச்ச நீதிபீடமே இவ்வாறு கூறியபின் சிறு கடைக்காரர் எங்கே போவார்?

இத்துடன் மற்றொரு சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அது அதே ஆண்டில் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். நாட்டுக்குள் நுழைய விரும்புவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். முன்னரே குடியிருப்பவரின் மனைவிக்கும், வயது வராத பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. இது நேர்மையான விலக்காகவே தோன்றும். ஆனால் நம் நாட்டு வழக்கில் குடும்பம் என்பது மனைவி மக்களோடு முடிந்துவிடுவதா? அண்ணன் மகன் கல்லாவில் உட்காராமல், மைத்துனன் கொள்முதலைக் கவனிக்காமல் எந்தக் குடும்பக் கடை நடக்கும்? லைசென்சுச் சட்டம் கடையின் வாசலில் நின்றது. இச்சட்டமோ கப்பலின் ஏணியில் நின்றது. ஒன்று இடத்தை மறுத்தது; மற்றொன்று ஆளை மறுத்தது.

ஒப்பந்தம் முடித்த தமிழர்களுக்கு இவற்றோடு வேறொரு பாரமும் இருந்தது. 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் நாடு திரும்பாமலும் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது விதிக்கப்பட்டது. கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் என்றால் பன்னிரண்டு பவுன். மாதம் பதினான்கு ஷில்லிங்குக்கு மேல் அரிதாகவே சம்பாதித்த குடும்பத்தின் நிலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். கூடை தூக்கிப் பிழைக்கத் துணிந்தவனை மறுபடியும் தோட்டத்துக்கே துரத்தியது அவ்வரி.

டிரான்ஸ்வாலின் கதை வேறு. 1900 வரை அது போயர்களின் குடியரசு. அங்கே இந்தியர் மெய்யாகவே அந்நியர். அங்கு மறைமுகப் பேச்சும் இல்லை. 1885-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் ஆசியர்களைப் பெயர் சொல்லியே குறித்தது. குடியுரிமை இல்லை, வியாபாரம் செய்யக் குடியேறுவோர் எட்டு நாட்களுக்குள் இருபத்தைந்து பவுன் கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு இத்தொகை மூன்று பவுனாகக் குறைக்கப்பட்டது. ஊருக்குப் புறம்பாக ஒதுக்கிய இடத்திலேதான் குடியிருக்க வேண்டும் என்றும் விதித்தனர். குடியிருப்பு என்றால் கடையும் அதில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. 1898-இல் குடியரசின் நீதிமன்றம் 'அடங்கும்' என்றது. போயர் யுத்தத்துக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சியில், 1904-இல், ஹபீப் மோட்டன் என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் 'அடங்காது' என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் ஒன்றே, பொருள் தலைகீழாயிற்று. ஒதுக்கிடத்துக்கு வெளியே கடை வைக்க அதனால் உரிமை கிடைத்தது. பக்கத்திலிருந்த ஆரஞ்சு குடியரசில் வழக்குக்கே இடமிருக்கவில்லை. அங்கே 1891-க்குள் இந்தியர் கடைகள் அனைத்தையும் மூடச் செய்து, கடைக்காரர்களை நஷ்ட ஈடின்றி வெளியேற்றிவிட்டார்கள்.

டிரான்ஸ்வாலில் கிடைத்த இந்த உரிமையின் மீதுதான் 1907-இன் கட்டாயப் பதிவுச் சட்டம் வந்து விழுந்தது. கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டுப் பெறாதவனுக்கு வியாபார லைசென்சு இல்லை. சத்தியாக்கிரகத்தை நாம் பெரும்பாலும் சீட்டுகளை எரித்த காட்சியாகவே அறிவோம். 1908 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகானஸ்பர்க் மசூதி முற்றத்தில் அது நடந்தது. அதற்கு முந்திய மாதமே தெருவில் நடந்ததை நாம் அவ்வளவாக அறியோம். கூடை வியாபாரிகள் லைசென்சு இல்லாமலே வேண்டுமென்று காய்கனி விற்றுக் கைதாயினர். கூடை தூக்கியே அறியாதவர்களும் அதைச் செய்தனர். மசூதியில் தொழுகை நடத்தி வந்த இமாம் பவாஜீர் பழக்கூடையோடு புறப்பட்டார். காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலால் அவ்வாறே விற்றுச் சிறை சென்றார். மொரீஷியஸில் பிறந்த தமிழ் வணிகர் தம்பி நாயுடு மீண்டும் மீண்டும் சிறைப்பட்டார். ஜோகானஸ்பர்க் தமிழர்களில் பெரும்பாலோர் எளிய தொழில் செய்தவர்கள். கூடை வியாபாரிகள் பலர். ஆயினும் சிறைக்கு அஞ்சாது கடைசிவரை நின்றவர்கள் அவர்கள். பெருவணிகர்களுக்கு இழக்கச் சரக்கிருந்தது. ஆகவே அவர்களுட் சிலர் பின்வாங்கினர். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கடன் சரக்கை நிரப்பிக்கொண்டு கடை நடத்துகிறவனின் கழுத்தில் எத்தனை கயிறுகள் உண்டு என்பதை அறிந்தவர்கள் அவர்களை எளிதில் பழிக்க மாட்டார்கள்.

அந்தக் கயிறு எப்படி இறுக்கப்பட்டது என்பதற்கு அகமது முகமது காச்சலியாவின் வரலாறு சான்று. அவர் டிரான்ஸ்வால் இந்தியர் சங்கத்தின் தலைவர், துணி வியாபாரி, வெள்ளைக்கார மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கெடுத்தவர். போராட்டத்தை விடாவிட்டால் பாக்கி முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் நெருக்கினர். அவருடைய சரக்கும் வரவேண்டிய பாக்கியும் கடனுக்கு மேற்பட்டிருந்தன. ஆனால் கையில் ரொக்கம் இல்லை. மற்ற வணிகர்களிடம் கைம்மாற்றுப் பெற்றுத் தப்பியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. தாமே திவாலுக்கு உடன்பட்டார். கடை ஒப்படைக்கப்பட்டது. முடிவில் கடன்காரர்களுக்குப் பவுனுக்கு இருபது ஷில்லிங், அதாவது ஒரு காசும் குறையாமல், கிடைத்தது. திவாலானவரிடமிருந்து முழுக்கடனும் வசூலான விந்தை வாணிப வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று. கடை போயிற்று, கணக்கு நேராயிருந்தது.

நேட்டாலில் நடந்தது மேலும் மெதுவாக நடந்தது. புதிய லைசென்சுகளை ஆசியர்களுக்கு அறவே நிறுத்தவும், இருப்பவற்றைப் பத்தாண்டுகளில் ஒழிக்கவும் 1908-இல் மசோதாக்கள் இயற்றினர். பெயர் சொல்லாதே என்ற பழைய பாடத்தை இம்முறை மறந்தனர் போலும், லண்டன் இசையவில்லை. மறு ஆண்டு, 1909-இல், பழைய சட்டம் திருத்தப்பட்டது. ஏற்கெனவே உள்ள சீட்டைப் புதுப்பிக்க மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்ற விதி சேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டு விண்ணப்பங்களும் வழக்குகளும் பெற்றுத் தந்த பலன் அந்த ஒரு விதி. புதிதாகக் கடை திறக்க வருபவருக்கு அது பயன்படாது.

1914-இல் காந்தியடிகளுக்கும் ஸ்மட்ஸுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியத் திருமணங்கள் சட்டப்படி ஏற்கப்பட்டன. லைசென்சுச் சட்டங்கள் அப்படியே இருந்தன. 'ஏற்கெனவே உள்ள உரிமைகள்' நியாயமாகக் காக்கப்படும் என்று வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அச்சொற்றொடருக்குப் பொருள் என்ன என்பதைக் காந்தியடிகள் அவ்வாண்டு ஜூலையில், தாம் நாடு திரும்புமுன், கடிதம் ஒன்றில் வரையறுத்தார். ஓர் இந்தியரும் அவருக்குப் பின் அவர் வாரிசுகளும், எந்த நகரில் கடை நடத்தி வந்தார்களோ அந்நகரிலேயே தொடர்ந்து வியாபாரம் செய்யும் உரிமை. நகருக்குள் கடையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றிக்கொண்டாலும் அது அழியாது. தந்தையின் கடையில் மகன் உட்காரலாம் என்பதற்கு இத்தனை ஆண்டுப் போருக்குப்பின் எழுத்து மூலம் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் எந்த இனத்தார் எந்தத் தெருவில் வாழலாம், எந்தத் தெருவில் கடை வைக்கலாம் என்று நகரங்களைக் கூறுபோட்டது. மூன்று தலைமுறையாக ஓரிடத்தில் நடந்த கடைகள் பல அதனால் பெயர்க்கப்பட்டன. அந்தச் சட்டம் 1991-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நீக்கப்பட்டது.